பெட்டிக்குக் கிடைத்த கிராமி

அமெரிக்க ரெக்கார்டிங் அகாடமியில் கிராமி விருதுக்கு வாக்களிக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2013 பிப்ரவரியில் 'பயோஃபிலியா' என்ற ஆல்பத்துக்கு ஒரு கிராமி கொடுத்தீர்கள். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் ஆல்பம் அது. செய்தியின் முதல் வரியைப் படித்ததும் அப்பாடா என்றிருந்தது. ஒருவழியாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வரியில் விஷயம் விளங்கிவிட்டது. விருது, சிறந்த உறை வடிவமைப்புக்கு. அதை வாங்கியவர்கள் பாரிஸ் நகரத்து வடிவமைப்பாளர்களான மிஷெல் அம்சலாக், மத்தியாஸ் ஒகுஸ்தினியாக் ஆகிய இருவர். அதே இரவில் அதே ஆல்பம் சிறந்த மாற்றிசை (ஆல்டர்னேட்டிவ்) ஆல்பத்துக்கான போட்டியிலும் இருந்தது. அந்த விருதைப் பாடகர் கோட்யேவின் 'மேக்கிங் மிரர்ஸ்' கொண்டுபோனது. நகைக்கடைக்குப் போய், நகையைக் கடையிலேயே வைத்துவிட்டு, வெல்வெட் டப்பாவை மட்டும் பாராட்டி வாங்கிவந்த கதைதான்.

அந்த இருவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பல ஆண்டுகளாக பியோர்க்கின் ஆல்பங்களுக்கு முகம் கொடுத்தவர்கள் அவர்கள்; விருதுக்குத் தகுதியானவர்களே. என் வழக்கு உங்களோடுதான்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒலித்தொகுப்பும் ஒலிக்கலவையும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ரசிகை என்ற முறையில் இதை எழுதினால் நீங்கள் கண்டுகொள்ள வேண்டியதில்லை. தன் பாடகிக்கு விருது கிடைக்கவில்லை என்று புலம்பும் ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தொழில்காரி என்ற முறையில் எழுதுகிறேன். உங்களிலும் பெரும்பாலோர் தொழில்காரர்கள். கிராமிக்கு வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்களோ வாரப் பட்டியல் தயாரிப்பவர்களோ இல்லை. பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், இசையைத் தயாரிக்கிறவர்கள், ஒலிப்பதிவு செய்கிறவர்கள். ஒரு பாட்டு உண்மையில் யார் கையால் உருவாகிறது என்று தெரியாது என்று நீங்கள் சொல்லவே முடியாது. அதனால்தான் கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1993-இல் 'டெபியூ' வந்தது முதல் 2022-இல் 'ஃபொசோரா' வந்தது வரை பியோர்க் தனிக் கலைஞராகப் பத்து முழு ஆல்பங்கள் தந்திருக்கிறார். திரைப்படத்துக்காகச் செய்ததை இதில் சேர்க்கவில்லை. 'டெபியூ'வை விட்டுவிட்டால், மீதி ஒன்பதையும் ஒன்றுவிடாமல் மாற்றிசை ஆல்பம் பிரிவில் நீங்கள் பரிந்துரைத்திருக்கிறீர்கள். ஒன்பதுக்கும் விருது இல்லை. ஒன்பது முறை பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு பரிமாறுவதற்குள் எழுப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

தோற்ற ஒவ்வொரு முறையும் அநியாயம் என்று சொல்லமாட்டேன். 1996-இல் 'போஸ்ட்' தோற்றது நிர்வாணா குழுவின் நேரடிக் கச்சேரிப் பதிவிடம். கர்ட் கோபேன் இறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. 1998-இல் 'ஹோமோஜெனிக்' எதிர்கொண்டது ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்'. அந்த வாக்குச்சீட்டு என் கையில் இருந்திருந்தால் நானும் பேனாவை மூடி மூடித் திறந்திருப்பேன். 2008-இல் 'வோல்ட்டா' தோற்றதில் எனக்குக் குறையே இல்லை. அவருடைய ஆல்பங்களில் ஊருக்கெல்லாம் அழைப்பு வைத்துவிட்டு யாரை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் திணறியது அது ஒன்றுதான். ஆனால் 2002-இல் 'வெஸ்பர்டைன்' போட்டியில் இருக்கும்போது கோல்ட்பிளேயின் 'பாராசூட்ஸ்' எப்படி முந்தியது? நல்ல பாட்டுகள் உள்ள ஆல்பம்தான், மறுக்கவில்லை. அந்த இரண்டு ஆல்பங்களையும் ஒரே நாளில் தலையணி ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, ஒலிப்பதிவு செய்கிறவர் ஒருவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பதுதான் இத்தனை ஆண்டுகளாகியும் எனக்குப் பிடிபடவில்லை. மற்ற ஆண்டுகளில் அவரை முந்தியவர்கள்: 2005-இல் வில்கோ, 2016-இல் அலபாமா ஷேக்ஸ், 2019-இல் பெக், 2023-இல் வெட் லெக். பட்டியல் போதும்.

மாற்றிசை என்ற பிரிவே ஒரு பரண் என்பது என் எண்ணம். எங்கே வைப்பது என்று தெரியாத சாமானையெல்லாம் ஏற்றிவைக்கும் இடம். 1991-இல் அந்தப் பிரிவை ஆரம்பித்து முதல் விருதை ஷினேட் ஓ'கானருக்கு அறிவித்தீர்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் நான் எழுத வந்தது பரணைப் பற்றி இல்லை. பியோர்க்கின் பெயரை நீங்கள் ஒருமுறைகூட எழுதாத இன்னொரு பிரிவைப் பற்றி.

ஆண்டின் சிறந்த இசைத் தயாரிப்பாளர் விருது.

எங்கள் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்றுதான் அர்த்தம். திரைப்படம் பழக்கிவிட்ட சொல் அது. இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இசை ஆல்பத்தின் தயாரிப்பாளர் வேறு. எந்த வாத்தியம், எந்த இடத்தில், எத்தனை சத்தத்தில், எந்தத் தாளத்தின் மேல், குரல் எவ்வளவு கிட்டத்தில் கேட்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று முடிவெடுத்து, ஆல்பத்துக்கு உருவம் கொடுப்பவர் அவர். கல்யாண வீட்டில் சமையல் மாஸ்டர் போல. பரிமாறுகிறவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். உப்பு பார்த்து இறக்கச் சொல்பவர் ஒருவர்தான்.

இந்த விருது 1975-இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. 2025 வரை அரை நூற்றாண்டில் ஒரு பெண்ணும் அதை வாங்கவில்லை. பரிந்துரைக்கப்பட்ட பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: ஜேனட் ஜாக்சன், மரையா கேரி, பவுலா கோல், லாரின் ஹில், ஷெரில் குரோ, லிண்டா பெர்ரி என்று நீளாமலே முடிந்துவிடும் வரிசை. சிலர் ஆண் கூட்டாளிகளோடு சேர்த்துப் பரிந்துரைக்கப்பட்டவர்கள். பியோர்க்கின் பெயர் அந்தச் சிறு வரிசையிலும் கிடையாது.

தன் பாட்டைத் தானே தயாரிப்பவர்களுக்கு அந்த விருதைக் கொடுப்பது வழக்கமில்லை என்று யாராவது சொல்வீர்கள். 1977-இல் ஸ்டீவி வொண்டருக்குக் கொடுத்தீர்களே! தன் ஆல்பத்தைத் தானே எழுதி, தானே வாசித்து, தானே தயாரித்தவர் அவர். மிகச் சரியான முடிவு. அதே 1977-இன் இறுதியில் ரெய்க்யவிக் நகரத்தில், பதினொரு வயதில் பாடிப் பதிவுசெய்த சிறுமி ஒருத்தியின் முதல் ஆல்பம் வெளிவந்தது. அதில் ஸ்டீவி வொண்டரின் பாட்டு ஒன்றுக்கு ஐஸ்லாந்து மொழியில் வேறு வரிகள் போட்டுப் பாடியிருந்தாள். அதே ஆல்பத்தில், ஓவியர் யோஹானெஸ் க்யார்வல் நினைவாக அவளே அமைத்த புல்லாங்குழல் இசை ஒன்றும் இருக்கிறது. பதினொரு வயதில் பிறர் எழுதியதைப் பாடியதோடு நிற்காமல் தனக்கென்று ஒன்றை எழுதி வைத்த பெண் குழந்தை. அட்டையில் அச்சான பெயர், பியோர்க்.

அதுதான் பெயர், பட்டம் இல்லை, புனைபெயரும் இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. முழுப்பெயர் பியோர்க் குத்முண்ட்ஸ்தோத்திர், அதாவது குத்முண்டுரின் மகள் பியோர்க். அப்பா பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்டில் தொலைபேசிப் புத்தகத்தைக்கூடச் சொந்தப் பெயர் வரிசையில்தான் அச்சடித்தார்கள். பியோர்க் என்றால் பிர்ச் மரம்.

பிறகு பன்க் குழுக்கள், 1986-இல் சுகர்க்யூப்ஸ், அந்தக் குழுவோடு உலகம் சுற்றியது, 1992-இல் அது கலைந்தது, லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். 'டெபியூ' ஆல்பத்தைத் தயாரித்தவர் நெல்லி ஹூப்பர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஆண்தான். அந்த ஆல்பத்தில் தபலா வாசித்தவர் தல்வின் சிங். சில பாட்டுகளின் தந்தி இசையை இந்தியத் திரையிசைக் கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சின்னச் சந்தோஷம். அந்த ஆல்பத்தின் தயாரிப்புப் பெருமை ஹூப்பருக்கு என்றால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனால் இரண்டாவது ஆல்பத்திலேயே தயாரிப்பாளர்கள் பட்டியலில் பியோர்க்கின் பெயர் வந்துவிட்டது. 'ஹோமோஜெனிக்' வரும்போது ஆல்பம் முழுக்க ஒரே எண்ணத்தில் ஓடியது: ஒரு பக்கம் ஐஸ்லாந்துத் தந்தி வாத்தியக்காரர்கள் எட்டுப் பேர், இன்னொரு பக்கம் எரிமலை பொங்குவது போன்ற மின்னணுத் தாளம், நடுவில் குரல். மின்னணு இசைக்காரர் மார்க் பெல் பெரிய உதவி செய்தார். அதை பியோர்க்கே எல்லா இடத்திலும் சொன்னார். அவர் யாருடைய பங்கையும் மறைத்ததே இல்லை. மற்றவர்கள்தான் அவருடைய பங்கை மறைத்தார்கள்.

'வெஸ்பர்டைன்' பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும்.

அந்தக் குறுந்தகட்டை முதன்முறை போட்டபோது கீறல் விழுந்திருக்கிறது என்று நினைத்து எடுத்துத் துணியால் துடைத்தேன். இரண்டாம் முறையும் அதே இடத்தில் அதே கரகரப்பு. மூன்றாம் முறைதான் காது பழகியது: அது கீறல் இல்லை, தாளம். முரசும் பேஸ் டிரம்மும் கேட்க வேண்டிய இடத்தில், வீட்டுக்குள் இரவில் நமக்கு மட்டும் கேட்கிற மாதிரியான நுண்ணிய சத்தங்கள். ஏதோ உரசுகிறது, நொறுங்குகிறது, சொடுக்குகிறது. ஒவ்வொன்றும் ஒரு நொடியின் துண்டு. அவற்றை வெட்டி, வரிசைப்படுத்தி, மேலே யாழும், மணியொலி தரும் செலஸ்டா என்ற விசைப்பலகை வாத்தியமும், இசைப்பெட்டிகளும். இசைப்பெட்டி செய்கிறவர்களிடம் மரத்தில் வேண்டாம், கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் செய்யுங்கள் என்று கேட்டாராம். உறைந்துபோன மாதிரி கெட்டியான ஒலி வேண்டும் என்பதற்காக. அப்போதுதான் பாட்டுகளை இணையத்தில் இறக்கிக் கணினியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்கும் காலம் தொடங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தில் கெட்டுப்போகாத வாத்தியங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் பியோர்க். ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதன் அருமை தெரியாமல் இருக்காது. கேட்பவரின் ஒலிபெருக்கி என்ன பாடுபடும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு வாத்தியம் தேர்ந்தெடுப்பதுதானே தயாரிப்பு?

அந்தத் தாளங்களில் ஐந்தில் நான்கு பங்கைத் தானே மடிக்கணினியில் உட்கார்ந்து செய்ததாகவும், ஆல்பத்துக்கு மூன்று ஆண்டுகள் பிடித்ததாகவும் பிறகு ஒரு நேர்காணலில் சொன்னார். பெரிய பூத்தையல் வேலையைப் போல இருந்ததாம். மட்மோஸ் என்ற இரட்டையர் கடைசி இரண்டு வாரங்களில் வந்து சில பாட்டுகளின் மேல் தாளச் சத்தங்கள் சேர்த்தார்கள். ஆல்பம் வந்ததும் என்ன ஆனது? உலகம் முழுக்க அது மட்மோஸின் தயாரிப்பு என்று எழுதினார்கள். அந்த இரட்டையரில் ஒருவர் ஒவ்வொரு பேட்டியிலும் இல்லை இல்லை என்று திருத்தினார். அவர் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. ஆண் சொன்னால் எடுபடும் என்பார்கள். பெண்ணின் உழைப்புக்கு ஆண் சாட்சி சொன்னால் அதுவும் எடுபடாது போலிருக்கிறது.

நீங்களும் அந்த ஆல்பத்தைப் பரணில் ஏற்றி வைத்தீர்கள். தயாரிப்பாளர் பட்டியலில் அவர் இல்லை.

அடுத்தது 2004, 'மெடுல்லா'. வாத்தியங்களை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, ஆல்பம் முழுவதையும் மனிதக் குரலிலேயே கட்டினார். வாயாலேயே தாளம் போடும் ரஹ்ஸல், கனடாவின் இனூயிட் தொண்டைப் பாட்டு மரபிலிருந்து வந்த தான்யா தகாக், ஐஸ்லாந்துக் கூட்டுப்பாடகர்கள். இடையில் யோருன் விதார் என்ற ஐஸ்லாந்துப் பெண் இசையமைப்பாளரின் பழைய பாட்டு ஒன்று. மூச்சு எடுக்கும் சத்தம் அங்கே வாத்தியம். கலவை மேசையில் இருபது முப்பது குரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, எதுவும் எதையும் மறைக்காமல் பிரித்து நிறுத்துவது எவ்வளவு கழுத்தொடிக்கும் வேலை என்று என்னிடம் கேளுங்கள். ஒரு பக்தி ஆல்பத்தில் எட்டுப் பெண்களின் கூட்டுக்குரலைச் சரிசெய்யவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டைத்தான் ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடினார்.

'பயோஃபிலியா'வுக்கு மின்னலைப் போலப் பொறி கக்கும் டெஸ்லா சுருளையே பேஸ் வாத்தியமாக்கினார். ஊசல் ஆட ஆட நரம்பை மீட்டும் யாழ் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினார். கமலான் என்ற இந்தோனேசியத் தாள வாத்தியத் தொகுதியையும் செலஸ்டாவையும் சேர்த்து ஒரு புது வாத்தியம். ஒவ்வொரு பாட்டுக்கும் கைக்கணினிச் செயலி. குழந்தைகள் தொட்டுத் தொட்டு இசையும் அறிவியலும் படிக்கலாம் என்று பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் முதன்முதலாகச் சேர்த்த செயலி அதுதான். நீங்கள் அதன் அட்டையைப் பாராட்டினீர்கள். சரி, விடுங்கள்.

2008-இலேயே அவர் வாய் திறந்து எழுதிவிட்டார். ஒரு பெண் மின்னணு இசையை எழுதவும் தயாரிக்கவும் முடியும் என்று இன்னமும் மக்களால் கற்பனை செய்ய முடியவில்லை. தான் கணினியில் செய்த வேலையெல்லாம், அந்த நேரத்தில் பத்து மீட்டர் சுற்றுவட்டத்துக்குள் இருந்த ஏதாவது ஓர் ஆணின் கணக்கில் போய்விடுகிறது என்ற பொருளில். அந்தப் பத்து மீட்டரை நினைத்து நான் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. 2015-இல் 'வல்னிக்யூரா' வந்தபோது மறுபடியும் அதே கதை. வாழ்க்கைத் துணையைப் பிரிந்த வலியில் எழுதிய பாட்டுகள். தந்தி இசையை அமைத்தது அவர். வெனிசுவேலாவைச் சேர்ந்த ஆர்கா பல பாட்டுகளில் இணைத் தயாரிப்பாளர். ஆனால் செய்திகளில் ஆர்கா மட்டுமே தயாரிப்பாளர் ஆகிவிட்டார். பியோர்க்கோடு வேலையைத் தொடங்கியபோது ஆர்காவுக்குச் சொந்தமாக ஒரு முழு ஆல்பம் செய்த அனுபவம்கூட இல்லை. பியோர்க்கோ பதினொரு வயதிலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பவர். தவறைத் திருத்தி எழுத வேண்டும் என்று ஆர்காதான் பிடிவாதம் பிடித்தார். விடு, இந்தச் சண்டையில் நாம் ஜெயிக்கப்போவதில்லை என்று சொன்னவர் பியோர்க்.

அந்த ஒரு வரிதான் என்னை இந்த மடலை எழுத உட்காரவைத்தது. டெஸ்லா சுருளை வாத்தியமாக்கத் துணிந்தவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஜெயிக்க முடியாது என்று ஒதுங்கிப் போகப் பார்த்தார். இதைச் சொன்ன பேட்டியிலேயே இன்னொன்றும் சொன்னார்: குழுக்களில் ஒரே பெண்ணாகப் பத்து ஆண்டுகள் இருந்தபோது, தன் யோசனை எடுபட வேண்டுமானால் அது ஆண்களின் யோசனை என்று நடிக்க வேண்டியிருந்ததாம். நிறையப் பேரை வைத்துத் தாளம் செய்து வாங்கும் ஆண் கலைஞர் ஒருவரைக் காட்டி, அவருடைய ஆல்பம் அவருடையதுதானா என்று யாரும் சந்தேகப்படுவதில்லையே என்றும் கேட்டார். ஆண் ஒருமுறை சொன்னால் போதும், பெண் ஐந்து முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை இருபது வயதுப் பெண்களுக்குச் சொல்லவே இதைப் பேசுகிறேன் என்றார்.

எங்கள் தமிழ்ப் பெண் ஒருவருக்கும் இது நடந்தது. ஈழத்து வேர்கள் கொண்ட லண்டன்காரர் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உங்களுக்குத் தெரிந்தவர். 2007-இல் தன் இசைக்கான பெருமையை டிப்ளோ என்ற ஆண் தயாரிப்பாளரிடம் தூக்கிக் கொடுத்து எழுதியவர்களிடம் நேருக்கு நேர் கேட்டார். அதை அவருடைய வாய்த்துடுக்காக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

எனக்கு நடந்தது ரொம்பச் சின்னது. ஒரு ஆல்பத்தை நான்கு மாதம் உட்கார்ந்து தொகுத்து, கலவை செய்து முடித்தேன். கடைசி வாரம் புது ஒலிபெருக்கிகளைப் பொருத்த ஓர் ஆள் வந்தார். இரண்டு நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார், நல்ல மனிதர். அட்டை அச்சாகி வந்தபோது ஒலிக்கலவை என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. என் பெயர் 'உதவி' என்ற வரியில். கேட்டபோது, அச்சுப்பிழை, அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடலாம் என்றார்கள். அந்த ஆல்பத்துக்கு அடுத்த பதிப்பு வரவேயில்லை. பத்து மீட்டர் என்று பியோர்க் சொன்னது தாராளக் கணக்கு. எங்கள் அறை பன்னிரண்டுக்குப் பத்து அடிதான்.

2018 ஜனவரியில் விருது விழா முடிந்ததும், பெண்களுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு உங்கள் அப்போதைய தலைவர் நீல் போர்ட்னோ, பெண்கள் முன்னேறி வரவேண்டும் என்கிற பொருளில் பதில் சொன்னார். பிறகு வருந்தினார், ஒரு பணிக்குழு அமைத்தீர்கள், மறு ஆண்டு அவர் பதவியிலிருந்து போனார். ஒலிப்பதிவு வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண்களையும் பரிசீலிப்போம் என்று உறுதிமொழியும் வாங்கினீர்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பதிலைப் படித்த அன்று நான் நினைத்தது இதுதான்: முன்னேறி வந்து இருபத்தைந்து வருடமாக வாசலில் நிற்பவரை முதலில் உள்ளே கூப்பிட்டிருக்கலாமே.

ஐஸ்லாந்து என்பதால், புரியாத இசை என்பதால் வாய்ப்பில்லை என்று சொல்லாதீர்கள். நாலு லட்சம்கூட மக்கள்தொகை இல்லாத அந்தத் தீவிலிருந்து வந்த ஹில்துர் குத்னாதோத்திர் 'செர்னோபில்' தொடருக்கு அமைத்த இசைக்கு 2020-இல் கிராமி கொடுத்தீர்கள். 2024-இல் லாவேய் என்ற இளம்பெண் வாங்கினார். இருவருக்கும் தகுந்த விருதே. வேறு ஊர்களில் பியோர்க்கை மதிக்கத் தெரியாமலும் இல்லை. சிறந்த சர்வதேசப் பாடகி என்ற பிரிட் விருதை நான்கு முறை வாங்கியிருக்கிறார். 2010-இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசை இத்தாலிய இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனேயோடு பகிர்ந்துகொண்டார். நடிப்புக்காகக் கான் திரைப்பட விழாவில் 2000-இல் சிறந்த நடிகை விருதும் வாங்கினார். உங்கள் நாட்டில் அவரைப் பற்றிக் கேட்டால் மறு ஆண்டு ஆஸ்கருக்கு அவர் அணிந்துவந்த அன்னப்பறவை உடையைத்தான் முதலில் சொல்கிறார்கள். பெட்டி, உடை. வெளியே தெரிவதில்தான் எல்லோருக்கும் கண்.

இப்போது என் கோரிக்கை. முதலாவது, ஒரு காரியம் செய்யாதீர்கள். இன்னும் சில ஆண்டுகள் கழித்து வாழ்நாள் சாதனையாளர் விருது என்று ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள். பாடகி டயானா ராஸுக்கு அப்படித்தான் செய்தீர்கள். பன்னிரண்டு முறை பரிந்துரைத்து ஒருமுறையும் கொடுக்காமல், 2012-இல் மொத்தமாக ஒரு சால்வை. ஜிமி ஹென்ட்ரிக்ஸும் பாப் மார்லியும் அந்தச் சால்வை வருவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தவணை தவறிய கடனை மொய்ப்பணமாக எழுதிக் கொடுப்பது போன்றது அது. பியோர்க் வாங்கிக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. வாங்கினாலும் எங்களுக்குப் பயனில்லை. அறுபது வயதை எட்டும் நேரத்திலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. 'ஃபொசோரா'வில் இறந்துபோன தாய்க்கு ஒப்பாரி வைக்கிறார், பாஸ் கிளாரினெட்டுகளை ஆறாக நிறுத்துகிறார், பாலித் தீவிலிருந்து முரட்டுத் தாளம் கொண்டுவருகிறார். கடலில் வலைக்கூண்டு கட்டி சால்மன் வளர்ப்பதை எதிர்த்து ஸ்பெயின் பாடகி ரொசாலியாவோடு 2023-இல் பாடி, வருமானத்தை வழக்குச் செலவுக்குக் கொடுத்தார். அடுத்த ஆல்பம் வரும்.

அது வரும்போது அவரைப் பரணில் தேடாதீர்கள். தயாரிப்பாளர் பிரிவின் வாக்குச்சீட்டில் அவர் பெயர் வர உங்களில் யாராவது முன்மொழியுங்கள். அவருக்குப் பதிலாக வேறொரு பெண் தயாரிப்பாளர் வென்றால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. எங்களைப் போன்றவர்கள் எங்கள் அறைகளில் நிமிர்ந்து உட்காருவோம். ஆனால் அவர் பெயர் அந்தச் சீட்டில் ஒருமுறையாவது அச்சாக வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. எங்காவது பழைய 'வெஸ்பர்டைன்' குறுந்தகடு கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். அதன் உறையை வடிவமைத்தவர்களும் அதே பாரிஸ்காரர்கள்தான்; பெட்டியை எப்படியும் ரசிப்பீர்கள். ரசித்து முடித்ததும் உள்ளே இருக்கும் சிறு புத்தகத்தைப் பிரித்து, தயாரிப்பு என்ற இடத்தில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்று படியுங்கள். எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஒலிக்கலவைக்காரி